12½ அடி வீட்டில் தினமும் யோகா

யோகாசனம் தொடங்கி விட்டுவிடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்பு வளையவில்லை என்று சொல்பவர் குறைவு. "நேரம் அமையல, இடம் அமையல" என்பதுதான் பதிலாக வரும். ரங்கூனில் இந்தப் பதிலில் நியாயம் உண்டு. கரண்ட் எந்த நேரம் வரும் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். வந்துவிட்டால் முதல் வேலை தண்ணீர் மோட்டாரைப் போடுவது. ஏப்ரலில் வெக்கை, ஜூனில் விடாத மழை. வீட்டில் ஆறு பேர். இதற்கு நடுவில், ரிஷிகேஷில் ஆற்றங்கரையில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஒரு மணி நேரத் திட்டம் போட்டால், பத்தாம் நாள் பாய் அலமாரி மேல் ஏறிவிடும்.

அதனால் அளவை எதிர்ப்பக்கத்திலிருந்து முடிவு செய்யுங்கள். கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை, ராத்திரி தூக்கமும் சரியில்லை. அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு செய்ய முடியும்? பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான் உங்கள் தொடக்க அளவு. நல்ல நாளைப் பார்த்து அளவு வைக்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது

நவம்பர், டிசம்பர் மாதங்களே வாகு. மழை ஓய்ந்திருக்கும், விடியற்காலை இதமாக இருக்கும், தரை காய்ந்திருக்கும். ஜூன் 21 சர்வதேச யோகா தினம். 2015-ல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட அந்த நாளில் ஆர்வம் வந்து தொடங்குபவர்கள் அதிகம். ஆனால் ரங்கூனில் அது நடு மழைக்காலம். துணி காயாது, விரிப்பு காயாது. நவம்பரில் தொடங்கியவருக்கு மழை வருவதற்குள் ஆறு மாதப் பழக்கம் கையில் இருக்கும். மழையில்தான் தொடங்க முடியும் என்றால் தொடங்குங்கள். விரிப்பு விஷயத்தில் மட்டும் கீழே சொல்லும் கவனம் வேண்டும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுங்கள். "விடிஞ்சதும் செய்றேன்" என்பது இங்கே ஒத்துவராது. ஜூனில் 5.30-ஐ ஒட்டிச் சூரியன் உதிக்கும், ஜனவரியில் 6.40 ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஆட்களை ஆபீசுக்கு ஏற்றிப்போகும் ஃபெரி வண்டி அந்த ஒரு மணி நேரம் காத்திருக்காது. 5.30 என்றால் ஆண்டு முழுக்க 5.30. அதைவிட உறுதியான பிடி ஒன்றும் உண்டு: தமிழ் வீட்டில் காலையில் சாமி விளக்கு எப்படியும் ஏற்றப்படும். பல் விளக்கி, முகம் கழுவி, விளக்கேற்றி, உடனே பாய் விரிப்பது என்று ஒன்றோடொன்று கோத்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

மோட்டார் பிரச்சினைக்கு ஒரே வழி, இரண்டாவது நேரம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது. காலையில் கரண்ட் வந்து தண்ணீர் ஏற்ற வேண்டியதானால், அன்றைய பயிற்சி மாலை ஆறு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன். மோட்டார் ஓடும்போது பக்கத்திலேயே செய்யலாமே என்றால், நின்று செய்யும் ஆசனங்கள் மட்டும் செய்யலாம். சவாசனத்தில் (அசையாமல் மல்லாந்து) படுத்துவிட்டுத் தொட்டி வழிந்து கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தால், அன்று யோகாவால் வந்த அமைதி அதோடு போயிற்று.

வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பின் 3 முதல் 4 மணி நேரம், சிறு பலகாரத்துக்குப் பின் 2 மணி நேரம் இடைவெளி. மொஹிங்காவும் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கட்டிப்பால் டீயும் பயிற்சிக்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் தலை சுற்றும் ஆட்கள் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரோ, பால் சர்க்கரை போடாத கசப்புத் தேநீரோ குடித்துக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். வாயில் வெற்றிலையோடு பாயில் ஏற வேண்டாம். குப்புறப் படுத்து எழும்போதும் மூச்சுப் பயிற்சியிலும் அது தொண்டைக்குள் போக வழி உண்டு.

இடமும் விரிப்பும்

நகரத்துப் பழைய அடுக்குக் குடியிருப்பில் வீட்டின் அகலம் பெரும்பாலும் 12½ அடி, நீளம் 50 அடி. அலமாரியும் கட்டிலும் எடுத்தது போக ஒரு நடைபாதைதான் மிச்சம். அது போதும். யோகா விரிப்பு ஒன்று 6 அடி நீளம், 2 அடி அகலம். பாயின் மேல் நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. அப்படியே மேலே தூக்குங்கள். தொங்கும் மின்விசிறிக்கும் விரல் நுனிக்கும் நடுவில் ஓர் அடியாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் இடம் கிடைத்துவிட்டது. பாயின் ஒரு முனை சுவரை ஒட்டி இருப்பது நல்லது, சுவர் பல நேரம் கைகொடுக்கும்.

மோல்மேன், தாத்தோன் பக்கம் மரவீடுகளில் இடம் தாராளம், ஆனால் பலகைத் தரை அதிரும். அங்கும் சரி, ரங்கூன் மாடி வீட்டிலும் சரி, காலைப் பின்னுக்குத் துள்ளி வைப்பது வேண்டாம். ஒவ்வொரு காலாக வையுங்கள். கீழ்வீட்டில் உள்ளவர் தூக்கம் கெடாது, உங்கள் முட்டியும் தப்பும்.

முதல் மாதம் விரிப்பு வாங்க வேண்டாம். நின்று செய்வதை வெறுந்தரையில் செய்யலாம், படுத்துச் செய்வதற்கு மடித்த கம்பளி போதும். வீட்டில் இருக்கும் தின்பியூ என்ற பர்மியப் பாய் படுக்கச் சுகமானது, ஆனால் வழவழப்பு அதிகம். அதன் மேல் காலை அகட்டி நின்றால் இரண்டு காலும் இரண்டு பக்கம் ஓடும். கோரைப்பாய்க்கும் இதே குணம்தான். ஒரு மாதம் தொடர்ந்தபின் விரிப்பு வாங்கினால் 4 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். அதைவிடத் தடித்தது பஞ்சுபோல் அமுங்கும், ஒற்றைக் காலில் நிற்க முடியாது.

மழைக்காலத்தில் விரிப்பைச் சுருட்டிக் கட்டி மூலையில் நிறுத்தினால் ஒரே வாரத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். வேர்வையும் ஈரக்காற்றும் உள்ளேயே அடைபடுவதுதான் காரணம். பயிற்சி முடிந்ததும் துணியால் துடைத்து, கொடியில் விரித்துப் போடுங்கள், நிழலில். வெயிலில் போட்ட ரப்பர் விரிப்பு விறைத்து உதிரும். வாரம் ஒரு முறை, ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்து துடைத்தால் நாற்றம் அண்டாது. புது விரிப்பு வழுக்கினால் அது தொழிற்சாலைப் பூச்சு. இரண்டு மூன்று தடவை துடைத்த பிறகு பிடிப்பு வந்துவிடும்.

உடுப்பு: லோஞ்சியை (இடுப்பில் கட்டும் கைலி) சாதாரணமாகக் கட்டிக்கொண்டு செய்ய முடியாது. காலை அகட்ட விடாது, தலைகீழாகக் குனியும்போது முடிச்சு அவிழும். அரைக்கால் சட்டை இல்லையென்றால், சின்லோன் (பிரம்புப் பந்து) ஆடுபவர்கள் செய்வதுபோல் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் செருகித் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள். ஆனால் இன்னொரு லோஞ்சி பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். அது இந்தப் பயிற்சியில் பட்டையாகவும் தலையணையாகவும் போர்வையாகவும் வேலை செய்யும். யோகாவுக்கென்று விற்கும் நாடா, கட்டை எதுவும் தேவைப்படாது.

20 நிமிட வரிசை

இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். போனில் வீடியோ ஓடவிட்டுச் செய்யும் பழக்கம், நெட் போன அன்றைக்கு நின்றுவிடும். தவிர, திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியே பாதிப் பேருக்குப் பிடிப்பு வருகிறது.

முதலில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைத்து ஒரு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். இழுக்கும்போது வயிறு உயர வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். பலருக்கு இது தலைகீழாக நடக்கும். மூச்சை இழுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அது சரியாகும்வரை மற்ற மூச்சுப் பயிற்சிகளைத் தொட வேண்டாம்.

பிறகு நாலு காலில் நின்று மார்ஜாரி ஆசனம், 8 சுற்று. மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை இழுத்து முதுகைக் குழிக்க வேண்டும், விட்டு முதுகைக் கூன வேண்டும். கழுத்து கடைசியாகத்தான் நகர வேண்டும். பெரும்பாலோர் கழுத்தை மட்டும் ஆட்டிவிட்டு முதுகை விட்டுவிடுவார்கள்.

அடுத்தது சூரிய நமஸ்காரம். முதல் இரண்டு வாரம் இதை விட்டுவிடலாம். மூன்றாம் வாரம் 2 சுற்று, இரண்டாம் மாதம் 4 சுற்று. பல வகைகள் உண்டு. சிவானந்தர் வழியில் வரும் 12 நிலை போதும். (1887-ல் சிவானந்தர் பிறந்தது திருநெல்வேலிப் பத்தமடையில். பாய்க்குப் பேர்போன ஊர், நம் விஷயத்துக்குப் பொருத்தம்தான்.) கும்பிட்டு நிற்பது, கையைத் தூக்கிப் பின்னால் சாய்வது, குனிவது, வலது காலைப் பின்னுக்கு வைப்பது, இரண்டு காலும் பின்னே போய்ப் பலகைபோல் நிற்பது, முட்டி, மார்பு, தாடையைத் தரையில் வைப்பது, புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது), இடுப்பைத் தூக்கி மலைபோல் நிற்பது, வலது கால் முன்னே, குனிவது, எழுந்து சாய்வது, கையை இறக்குவது. அடுத்த பாதியில் இடது கால். இரண்டு காலும் முடிந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடமாவது ஆக வேண்டும். அதற்கு முன் முடிந்தால் நீங்கள் செய்தது தண்டால்.

நின்றபடி, காலை அகட்டிப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனம், ஒரு பக்கத்துக்கு 5 மூச்சு. பாதங்களுக்கு நடுவில் மூன்று, மூன்றரை அடி. கை தரையைத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கணுக்காலுக்கு மேல் எங்கே வைத்தாலும் சரி, முட்டி மேல் மட்டும் ஊன்ற வேண்டாம். பிறகு விருட்சாசனம், ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம். மடக்கிய பாதத்தை மறு தொடையிலோ முட்டிக்குக் கீழே கெண்டைக்காலிலோ வைக்கலாம். முட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் மூட்டு வலிக்கும். தடுமாறினால் ஒரு விரலைச் சுவரில் வையுங்கள்.

குப்புறப் படுத்து புஜங்காசனம் 3 முறை, ஒவ்வொன்றும் 4 மூச்சு. கையால் தள்ளி எழாமல் முதுகால் எழ வேண்டும். சோதனை எளிது: மேலே இருக்கும்போது இரு கைகளையும் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். உடம்பு சரிந்து விழாமல் நின்றால் அதுதான் உங்கள் உயரம்.

கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் 8 மூச்சு. மல்லாந்து முட்டி மடக்கி, இடுப்பைத் தூக்கிச் சேதுபந்தாசனம் 5 மூச்சு, இரண்டு தடவை. அப்படியே முட்டிகளைச் சேர்த்து ஒரு பக்கம் சாய்த்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, பக்கத்துக்கு 6 மூச்சு. கடைசியாகச் சவாசனம் 4 நிமிடம். நேரமில்லாத நாளில் மற்ற எதைக் குறைத்தாலும் இதை 2 நிமிடத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், வலது பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள். தாழ்ந்த வட்ட மேசையைச் சுற்றிச் சாப்பிடுவதும், கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்காருவதும் இங்கே சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் இடுப்பு ஓரளவு நெகிழும். ஆனால் எப்போதும் ஒரே பக்கமாக மடித்து உட்காருபவருக்கு இரு பக்கமும் சமமாக இருக்காது. எந்தப் பக்கம் கஷ்டமோ அந்தப் பக்கத்தை முதலில் செய்யுங்கள், கூட இரண்டு மூச்சு இருங்கள்.

முன்குனிவில் நடக்கும் தவறு

மேலே சொன்னவற்றில் அதிகக் காயம் கொடுப்பது பச்சிமோத்தாசனம். பார்க்க எளிது என்பதால் யாரும் பயப்படுவதில்லை. நெற்றி முட்டியைத் தொட வேண்டும் என்ற ஆசையில் முதுகைக் கூனி, பெருவிரலை எட்டிப் பிடித்து இழுப்பார்கள். அப்போது வளைவது இடுப்பு மூட்டு இல்லை, இடுப்பெலும்புக்கு மேலே உள்ள முதுகெலும்பு. அங்கே உள்ள தட்டுகள் பின்னால் பிதுங்கும் திசையும் அதுதான். முதுகில் சுளுக்கு விழ இதுவும் ஒரு காரணம்.

சரியான முறை இது. லோஞ்சியை நாலாக மடித்துப் புட்டத்தின் பின்பாதிக்கு அடியில் வையுங்கள். இடுப்பு தானாக முன்னால் சாயும். இன்னொரு லோஞ்சியை நீளவாட்டில் முறுக்கிப் பட்டையாக்கி, இரண்டு பாதங்களின் அடியிலும் மாட்டி, இரு முனைகளையும் கையில் பிடியுங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள். இப்போது தலையை இறக்காமல், தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோங்கள். பத்து டிகிரிதான் சாய முடிந்தது என்றால் அதுவே போதும். முட்டியை எவ்வளவு நீட்டுவது என்பதைத் தொப்புள்தான் தீர்மானிக்க வேண்டும். முட்டி நேரானதும் தொப்புள் பின்வாங்கினால், திரும்ப மடக்குங்கள்.

இழுவை தொடையின் நடுப்பகுதியில் தெரிய வேண்டும். உட்காரும் எலும்பை ஒட்டி, புட்டத்துக்கு அடியில் ஒரே புள்ளியில் குத்தினால் உடனே நிறுத்துங்கள். அங்கே தசைநார் எலும்பில் ஒட்டுகிறது. அதை இழுத்துக் காயப்படுத்தினால் ஆற மாதக்கணக்கில் ஆகும், உட்காரும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும்.

பொதுவாகவே வலியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சதையில் பரவலாக, மந்தமாக, மறுநாளும் அதற்கடுத்த நாளும் இருந்து பிறகு போய்விடுவது புதிதாக வேலை செய்த தசையின் வலி. அதோடு லேசாகச் செய்யலாம். மூட்டில், கூர்மையாக, ஒரு அசைவில் பளீரென்று வருவது வேறு. மரத்துப்போவதும் காலில் மின்சாரம்போல் ஓடுவதும் அதைச் சேர்ந்ததுதான். அந்த ஆசனத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மணிக்கட்டு வலி இன்னொரு வழக்கமான முறையீடு. பலகை நிலையிலும் மலை நிலையிலும் எடை முழுவதும் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் விழுவதால் வருகிறது. விரல்களை விரித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தரையில் அழுத்துங்கள். எடை முன்னால் நகரும். அப்படியும் வலித்தால் முஷ்டியை ஊன்றலாம், அல்லது சுவரில் கைவைத்து நின்றபடி அதே நிலையைச் செய்யலாம். குடம் குடமாகத் தண்ணீர் மாடிக்குத் தூக்கிய நாளில் இடுப்பும் மணிக்கட்டும் ஏற்கெனவே களைத்திருக்கும். அன்றைக்குச் சூரிய நமஸ்காரத்தையும் முன்குனிவையும் விட்டுவிட்டு, படுத்துச் செய்பவற்றை மட்டும் செய்யுங்கள்.

பத்மாசனம் இந்த வரிசையில் இல்லை, வேண்டுமென்றேதான். தொடை இடுப்பில் வெளிப்பக்கம் திரும்பாதவர் காலை இழுத்து மேலே போட்டால், திரும்ப வேண்டிய கோணம் முழுவதும் முட்டியில் விழும். சம்மணம் போட்டு, அடியில் மடித்த கம்பளி வைத்து உட்கார்ந்தால் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு குறையும் இல்லை.

மூச்சுப் பயிற்சி

சவாசனத்துக்குப் பின் எழுந்து உட்கார்ந்து நாடிசுத்தி 5 சுற்று. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். பெருவிரலால் வலது மூக்கை மூடி இடது மூக்கில் இழுங்கள், மனசுக்குள் 4 எண்ணி. மோதிர விரலால் இடதை மூடி, வலதில் விடுங்கள். வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. ஒரு மாதம் கழித்து, விடுவதை மட்டும் 6 ஆக்குங்கள், பிறகு 8. மூச்சை அடக்குவது வேண்டாம். பழைய நூல்களில் 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கு வரும். படித்த உற்சாகத்தில் அதைச் செய்து பார்த்து மயங்கி உட்கார்ந்தவர்கள் உண்டு. அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய அளவு.

கொசுவர்த்திப் புகையில் ஆழமாக மூச்சு இழுப்பதைவிட அந்த நாள் பயிற்சியை விடுவது மேல். டெங்கு கொசு பகலில், குறிப்பாக விடிந்த கையோடும் பொழுது சாயும் நேரத்திலும் கடிப்பதால், நம் இரண்டு பயிற்சி நேரமும் அதற்கும் வாகான நேரம். கொசுவலைக்குள் உட்கார்ந்து நாடிசுத்தி செய்யுங்கள். ஆசனத்துக்கு வலை சரிவராது; கை கால் மூடும் பருத்தி உடை போடுங்கள்.

யார் எதை விட வேண்டும்

ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் தலை இதயத்துக்குக் கீழே போகும் நிலைகளில் நிற்க வேண்டாம். மலை நிலைக்குப் பதில் சுவரில் கைவைத்து இடுப்பளவு குனியுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இதுவேதான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்வது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கை நடுங்கி வேர்த்தால் நிறுத்தி இனிப்பு சாப்பிடுங்கள், பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும். முதுகுத் தட்டு விலகியவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் பச்சிமோத்தாசனத்தைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் இந்த வரிசையை அப்படியே எடுக்காமல் அவர்களுக்கென்று சொல்லித்தரும் ஆசிரியரிடம் போகட்டும். டெங்கு வந்து எழுந்தவர்கள், டாக்டர் சரி என்ற பிறகும் முதல் இரண்டு வாரம் மூச்சும் சவாசனமும் மட்டும்.

விடாமல் கொண்டுபோவது

மூன்று நிமிட அளவு ஒன்றை இப்போதே முடிவு செய்து வையுங்கள்: மார்ஜாரி 6 சுற்று, மலை நிலையில் 5 மூச்சு, ஒரு நிமிடம் கண்மூடிப் படுப்பது. எதுவுமே முடியாத நாளில் இது. சுவர் நாட்காட்டியில் முழுப் பயிற்சி செய்த நாளுக்குக் கோடு, மூன்று நிமிட நாளுக்குப் புள்ளி. மாதக் கடைசியில் கோட்டைவிடப் புள்ளி அதிகம் இருந்தால் உங்கள் 20 நிமிடம் உங்களுக்கு நீளம், 12-ஆகக் குறையுங்கள். வெற்று நாட்கள் அதிகமென்றால் கோளாறு நேரத்தில். மாலைக்கு மாற்றிப் பாருங்கள்.

ஓய்வு நாளை நீங்கள் தேட வேண்டியதில்லை. பர்மிய நாட்காட்டியில் பௌர்ணமியும் அமாவாசையும் அச்சடித்தே வரும். மைசூர் அஷ்டாங்க மரபிலும் இந்த இரண்டு நாளும் பயிற்சி கிடையாது. மாதம் இரண்டு ஓய்வு போதாது என்றால் நடுவில் வரும் இரண்டு அஷ்டமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வாரம் ஒன்று ஆகிவிடும்.

பயிற்சியைக் கூட்டுவது மூன்று மாதத்துக்குப் பிறகு. புது ஆசனம் சேர்ப்பதைவிட, இருக்கும் ஆசனத்தில் 5 மூச்சை 8 ஆக்குவது பலன் தரும். ஒரு மாதத்தில் 5 நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். ஏப்ரலில் கூட்டவே வேண்டாம். பகல் 37, 38 டிகிரி போகும் மாதத்தில் காலை ஆறு மணிக்குள் முடித்து, சூரிய நமஸ்காரத்தைப் பாதியாக்குங்கள். மின்விசிறி ஓடாத நாளில் வேர்வையில் கை வழுக்கும். விரிப்பின் தலைமாட்டில் ஒரு துவாலையை ஈரமாக்கிப் பிழிந்து விரித்தால் பிடிப்பு வரும்.

இடைவெளி விழும், அதற்குக் கணக்கு இதுதான். மூன்று நாள் வரை விட்டால் ஒன்றும் ஆகவில்லை, விட்ட இடத்திலிருந்து செய்யுங்கள். இரண்டு வாரம் வரை என்றால் மூன்று நாள் பாதி அளவு. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முதல் வார அளவிலிருந்து. இந்தத் தடவை வேகமாக ஏறும். 10 நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போகிறவர்களுக்கு இடைவெளி நிச்சயம், ஏனென்றால் முகாம் நடக்கும் நாட்களில் ஆசனப் பயிற்சியை நிறுத்திவைக்கச் சொல்வது கோயங்கா முகாம்களின் விதி. போவதற்கு முந்தைய மாதம் சம்மணத்தில் உட்காரும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் அங்கே முட்டி அவ்வளவு கெஞ்சாது.

பெரிய இடைவெளி திஞ்சானில், அதாவது ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவில் வரும். சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் சேர்வதால் நம் வீடுகளில் ஒரு வாரம் யாரும் பாயைத் தொடுவதில்லை. திரும்பி வரும் முதல் காலையில் சூரிய நமஸ்காரம் வேண்டாம். நாலு நாள் வாளி வாளியாகத் தண்ணீர் வீசிய தோள் அது. மார்ஜாரி ஆசனத்தை 12 சுற்றாக்கி, லோஞ்சியைத் தலைக்கு மேல் இரு கையாலும் அகலமாகப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் 6 தடவை கொண்டுபோங்கள். சவாசனத்தை 6 நிமிடமாக்குங்கள். அதற்கு முன் விரிப்பை ஒரு தடவை மோந்து பாருங்கள், ஈரக் காலோடு யாராவது அதன் மேல் நடந்திருப்பார்கள்.